தறி நின்ற நாள்களுக்கு யார் பொறுப்பு?

2025ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் கூட்டுறவு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று தேசியக் கூட்டுறவுக் கொள்கையை மத்திய அரசு வெளியிட்டது. கூட்டுறவின் பெருமையைப் பேசத் தமிழகத்துக்குக் காரணங்கள் பல உண்டு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தவுடன் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் தொடங்கப்பட்ட சங்கம் நாட்டின் முன்னோடிச் சங்கங்களுள் ஒன்று. 1935இல் உருவான கோ-ஆப்டெக்ஸ் தொண்ணூறு ஆண்டுகளைக் கண்ட நிறுவனம்.

ஆனால், பாராட்டுரைகளில் எழாத கேள்வி ஒன்று உண்டு. ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மீது அரசும் சட்டமும் சந்தையும் சுமத்தியிருக்கும் பணிகளைச் செய்து முடிக்க வேண்டிய ஆள், பணம், பொருள், அறிவு ஆகியவை அந்தச் சங்கத்திடம் இருக்கின்றனவா? இருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் கணக்கிட்டுப் பார்க்கும் பொறுப்பு யாருடையது?

இந்தக் கேள்வியைச் சென்னையிலோ தில்லியிலோ இருந்து கேட்பதைவிட, தேசூர் போன்ற ஓர் ஊரிலிருந்து கேட்பது பொருத்தமானது. திருவண்ணாமலை மாவட்டத்தின் சிறிய பேரூராட்சிகளுள் ஒன்றான தேசூர், ஆரணிப் பட்டு நெசவுப் பரப்பைச் சேர்ந்தது. ஆரணி மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்த, அன்றாட விசேஷங்களுக்கு உடுத்த ஏற்ற சேலை என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால், அந்தப் பெயரைக் காப்பாற்றும் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் இத்தகைய சிற்றூர்களின் வீடுகளில்தான் இருக்கின்றன. சங்கிலியின் மேல்முனையில் ஏற்படும் சிறு தளர்வும் இந்த வீடுகளில் ஒரே வடிவத்தில்தான் வந்து சேர்கிறது: தறி நிற்கிறது.

நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நெய்த சேலைக்குத்தான் கூலி. பாவு வரவில்லை என்றால் கூலி இல்லை. ஊடைக்கான பட்டு வரவில்லை என்றாலும், சாயம் ஏறித் திரும்பவில்லை என்றாலும் கூலி இல்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பு பத்து நாள் தாமதித்தால், அந்தக் கோப்பைத் தாமதித்தவரின் ஊதியம் குறைவதில்லை. பத்து நாள் தறி நின்ற குடும்பத்தின் வருமானம் குறைகிறது. நிறுவனத்தின் திட்டமிடல் குறைபாடு, நெசவாளரின் ஊதியமற்ற நாள்களாக ஓசையின்றி மாற்றப்படுகிறது. கைத்தறியின் நெருக்கடி பற்றிய விவாதங்களில் இந்த மாற்றம் பேசப்படுவதே இல்லை.

2019-20இல் நடத்தப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகக் கூறியது. நெசவாளர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்த வறுமைக்குக் கூலி விகிதம் குறைவாக இருப்பது ஒரு காரணம். கிடைக்கும் கூலியையும் எத்தனை நாள் ஈட்ட முடிகிறது என்பது மற்றொரு காரணம். முதல் காரணத்துக்காகப் பேச்சுவார்த்தைகள் நடக்கின்றன. கூலி உயர்வு அறிவிப்புகள் வருகின்றன. இரண்டாவது காரணத்தை அளப்பதற்குக்கூட நம்மிடம் முறை இல்லை.

வளம் என்பது எது?

நிறுவன மேலாண்மைக்கான தர நெறிகளுள் உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படுவது ஐஎஸ்ஓ 9001. அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, வளங்கள் பற்றி ஒரு தனிப் பகுதியையே கொண்டிருக்கிறது. ஒரு மேலாண்மை முறையை நிறுவவும், நடத்தவும், மேம்படுத்தவும் தேவையான வளங்கள் எவை என்பதை நிறுவனமே தீர்மானித்து வழங்க வேண்டும். கையிலிருக்கும் வளங்களின் வலிமையும் வரம்பும் என்ன, வெளியிலிருந்து பெற வேண்டியவை எவை என்பதையும் அது ஆராய வேண்டும் என்கிறது அந்நெறி. வளங்கள் என்று அது குறிப்பிடுபவை: மனிதர்கள், உள்கட்டமைப்பு, பணிச்சூழல், அளவிடும் கருவிகள், நிறுவனத்துக்கு உரிய அறிவு.

பெருந்தொழிற்சாலைகளுக்கு எழுதப்பட்டது போலத் தோன்றும் இந்த வரிகள், ஒரு நெசவாளர் சங்கத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. மனிதர்கள் என்றால், கணக்கு எழுதுபவரும் சேலையை மடித்துப் பார்த்துத் தரம் சொல்பவரும். உள்கட்டமைப்பு என்றால், பட்டு இருப்பு அறையும் சாயச்சாலையும். பணிச்சூழல் என்றால், மழைக்காலத்தில் நீர் ஊறாத தறிக்குழி. அளவிடும் கருவி என்றால், சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சோதிக்கும் இயந்திரம். அறிவு என்றால், கோர்வை போடத் தெரிந்த மூத்த நெசவாளரின் கையும் கண்ணும்.

இப்போது, கடந்த இருபது ஆண்டுகளில் சங்கங்களின் மீது வந்து சேர்ந்த பணிகளை எண்ணிப் பார்க்கலாம். 2004இல் தூய பட்டுக்கான பட்டு முத்திரை வந்தது. 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. 2015இல் ‘இந்தியா ஹேண்ட்லூம்’ என்ற வணிகப் பெயர் அறிமுகமானது. புவிசார் குறியீட்டின் பயனைப் பெற வேண்டுமெனில், அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். சரக்கு-சேவை வரிக் கணக்கு, இணையவழி விற்பனை, காப்பீட்டுப் பதிவு, அடையாள அட்டை, முத்ரா கடன் விண்ணப்பம் எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கம் கொண்டதே. ஆனால், ஒவ்வொன்றையும் செய்து முடிக்க ஒருவர் தேவை, அவருக்கு நேரம் தேவை, பயிற்சி தேவை. பணி அறிவிக்கப்பட்டபோது அதற்குரிய ஆளும் நேரமும் அறிவிக்கப்பட்டனவா என்பதே கேள்வி. பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த எழுத்தரின் மேசையிலேயே எல்லாம் குவிந்தன.

முடங்கும் மூலதனம்

வளங்களில் முதன்மையானது பணம். அதுவும் நடைமுறை மூலதனம். பட்டுச் சங்கத்தின் பணம் எப்படிச் சுழல்கிறது என்பதை ஓர் எளிய கணக்கின் வழியே காணலாம். எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளும் எண்களே இவை. ஒரு சங்கத்தில் 100 தறிகள். தறிக்கு மாதம் 2 சேலை. ஒரு சேலைக்குப் பட்டு, சரிகை, கூலி எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய் அடக்கவிலை. மாதம் 200 சேலைக்கு 20 லட்சம் ரூபாய் தேவை.

நெய்த சேலை விற்க 6 மாதம் ஆகிறது, விற்ற பணம் கைக்கு வர மேலும் 3 மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், 9 மாத உற்பத்திக்கான பணம் எப்போதும் வெளியே நிற்கும். தறிகள் இடைவிடாது ஓட 1 கோடியே 80 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். சங்கத்திடம் இருப்பது 1 கோடியே 20 லட்சம் மட்டுமே எனில், மாதம் 13 லட்சம் ரூபாய் அளவுக்கே உற்பத்தி நடக்கும். அதாவது, ஒவ்வொரு தறியும் மாதத்தில் ஏறத்தாழ 10 நாள் நிற்க வேண்டும்.

இதில் யாரும் முறைகேடு செய்யவில்லை. யாரும் ‘வேலை இல்லை’ என்று அறிவிக்கவும் இல்லை. ‘அடுத்த பாவு அடுத்த வாரம் வரும்’ என்று மட்டும் நெசவாளரிடம் சொல்லப்படும். சங்கத்தின் ஆண்டறிக்கையில் இது இழப்பாகப் பதிவாகாது. உற்பத்தி சற்றுக் குறைந்தது என்றே தெரியும். இழப்பு முழுவதும் 100 குடும்பங்களின் சமையலறைகளில் பதிவாகும்.

இதே கணக்கில், விற்ற பணம் 3 மாதத்துக்குப் பதிலாக உடனுக்குடன் வந்துவிட்டால் என்ன ஆகும்? வெளியே நிற்கும் காலம் 6 மாதமாகக் குறையும். அதே 1 கோடியே 20 லட்சம் ரூபாயிலேயே 100 தறிகளும் முழுமையாக ஓடும். புதிய மானியம் எதுவும் தேவையில்லை. தர வேண்டிய பணத்தை உரிய நாளில் தந்தால் போதும்.

கைத்தறித் துணிகளுக்குத் தள்ளுபடி கொடுத்து விற்கும் சங்கங்களுக்கு, அந்தத் தள்ளுபடித் தொகையை அரசு பின்னர் ஈடு செய்கிறது. அந்த ஈட்டுத்தொகை எத்தனை மாதம் கழித்து வருகிறது என்பதும், தலைமை நிறுவனம் கொள்முதல் செய்த சேலைகளுக்கான பணம் எப்போது வந்து சேர்கிறது என்பதும் கணக்கியல் நுணுக்கங்கள் மட்டும் அல்ல. அவை தறி ஓடும் நாள்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை. மத்தியக் கூட்டுறவு வங்கி வழங்கும் காசுக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்க, வர வேண்டிய தொகைக்கு வட்டி கிடைப்பதில்லை என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தாமதம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கைத்தறிச் சீருடை வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியபோது, அது முன்மாதிரியாகப் பாராட்டப்பட்டது. ஹான்டெக்ஸ், ஹான்வீவ் ஆகிய நிறுவனங்களின் வழியே நெசவாளர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை உறுதியானது. ஆனால், பின்னாளில் மாதக்கணக்கில் கூலி நிலுவையில் நின்றதாக அங்குள்ள நெசவாளர்கள் போராட வேண்டியதாயிற்று. சந்தையைத் திட்டமிட்டவர்கள் பணம் வரும் நாளைத் திட்டமிடவில்லை.

பட்டும் சரிகையும்

மூலப்பொருளின் நிலை இன்னும் சிக்கலானது. கச்சாப் பட்டின் விலை, பெரும்பாலும் கர்நாடகத்தின் கூட்டுச் சந்தைகளையும் சீன இறக்குமதியையும் சார்ந்து ஏறி இறங்குகிறது. சரிகையின் விலை தங்கம், வெள்ளியின் விலையைச் சார்ந்தது. 2025இல் அவ்விரண்டும் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டன. பட்டின் விலையும் சரிகையின் விலையும் ஏறும்போது, சங்கத்திடமிருக்கும் அதே பணத்தில் வாங்கக்கூடிய அளவு குறைகிறது. பாவுகளின் எண்ணிக்கை குறைகிறது. மீண்டும் தறிதான் நிற்கிறது.

தனியார் உற்பத்தியாளர் இந்த ஏற்றத்தை முன்கூட்டியே கணித்து, விலை குறைவாக இருக்கும்போது வாங்கி வைக்கிறார். அவருக்கு முடிவெடுக்க ஒரு மணி நேரம் போதும். சங்கம் அப்படிச் செய்ய, ஒப்புதல் வேண்டும், கடன் வரம்பு வேண்டும், இருப்பு வைக்கும் இடம் வேண்டும். இவை பொறுப்புடைமைக்காக ஏற்பட்ட கட்டுப்பாடுகள். நீக்க வேண்டியவை அல்ல. ஆனால், கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் முன்கூட்டியே திட்டமிடலும் இருந்தாக வேண்டும். தீபாவளி, தை மாதத் திருமணக் காலம் எப்போது வரும் என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே தெரியும். அதற்கு எத்தனை கிலோ பட்டு எந்த மாதத்தில் தேவை என்பதைக் கணக்கிட்டு, கடன் வரம்பை அந்த மாதங்களில் உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டை வங்கியோடு செய்துகொள்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

இடைவெளி நேரும்போது நெசவாளர் காத்திருப்பதில்லை. காத்திருக்க அவரால் முடியாது. முன்பணமும் தொடர்ந்து பாவும் தரும் தனியாரிடம் செல்கிறார். சங்க உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இருக்கும், அவர் தறியில் வேறொருவரின் பாவு ஓடும். பட்டியலில் உள்ள எண்ணிக்கையை வைத்துத் திட்டமிடும் அலுவலகத்துக்கு இந்த உண்மை எட்டுவதில்லை. பட்டுச் சேலை நெசவைக் கைத்தறிக்கு ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தும், விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதாகப் புகார்கள் ஓய்ந்தபாடில்லை. இதைக் கண்டறியும் அமலாக்கப் பிரிவுக்குப் போதிய ஆய்வாளர்கள் இருக்கிறார்களா என்பதும் வளம் பற்றிய அதே கேள்விதான்.

அறிவு என்னும் வளம்

பணத்தைக் கடனாகப் பெறலாம். பட்டை வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம். நெசவறிவை அப்படிப் பெற முடியாது. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகள் இந்தப் பகுதியின் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் மாதந்தோறும் உறுதியான சம்பளம் தருகின்றன. தறியை விட்டு அங்கே செல்பவரைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. தேதி தவறாத சம்பளத்துக்கும், பாவு எப்போது வரும் என்று தெரியாத கூலிக்கும் இடையில் அவர் செய்யும் தேர்வு அறிவார்ந்தது. ஆனால், அவர் செல்லும்போது அவருடன் செல்லும் அறிவைச் சங்கம் இழக்கிறது என்பதை எந்தப் பேரேடும் காட்டுவதில்லை.

நெசவுக்கு முன்னுள்ள பணிகளைச் செய்பவர்களின் நிலையும் இதுவே. பாவு ஓட்டுபவர், தார் சுற்றுபவர், தெருவில் பாவை நீட்டிப் பக்குவம் செய்பவர், சாயமிடுபவர் ஆகியோருள் ஒருவர் தொழிலை விட்டாலும் பத்துத் தறிகள் தாமதிக்கும. இவர்களின் எண்ணிக்கை எத்தனை, வயது என்ன, அடுத்து யார் என்று பட்டியலிட்டு வைத்திருக்கும் சங்கம், பத்தாண்டுகளுக்குப் பின் வரப்போகும் முடக்கத்தை இன்றே காணும். பட்டியல் இல்லாத சங்கம், முடக்கம் வந்த பிறகு பயிற்சி முகாம் கேட்கும்.

அறிவுக்கு மதிப்புக் கொடுத்தால் பயன் உண்டு என்பதற்கு முன்னுதாரணமும் நம்மிடமே இருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் தன் சேலைகளோடு நெசவாளரின் பெயரையும் படத்தையும் இணைத்து விற்றபோது, வாடிக்கையாளர் அதை விரும்பி ஏற்றனர். பழைய வடிவங்களைத் தேடி மீட்டு மறுபடி நெய்யச் செய்ததும் பலன் தந்தது. பெருஞ்செலவு இல்லாத முயற்சிகள் இவை. அவற்றைச் செய்ய ஒருவருக்குப் பொறுப்பும் நேரமும் அதிகாரமும் கொடுக்கப்பட்டிருந்தன என்பதே அவற்றின் வெற்றிக்குக் காரணம்.

யார் தீர்மானிப்பது?

வளம் போதுமா என்று கேட்பது திட்டமிடல். கேட்கும் கடமை யாருக்கு, விடை சொல்லும் கடமை யாருக்கு என்பது ஆளுகை. நமது சங்கங்களில் பழுது இரண்டாவதில்தான் அதிகம்.

தமிழகத்தில் 2013இலும் 2018இலும் கூட்டுறவுச் சங்கத் தேர்தல்கள் நடந்தன. 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023இல் முடிந்தபோது, சங்கங்கள் தனி அலுவலர்களின் பொறுப்பில் வந்தன. பல சங்கங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஓர் அரசு அலுவலரிடம், ஒரு சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பட்டுத் தேவையைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க எதிர்பார்ப்பது அவருக்கே நியாயமன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களும் குறையற்றவை அல்ல. கட்சி அரசியல் அவற்றைப் பாதித்ததை அனைவரும் அறிவர். ஆனாலும், தறி நின்றால் தன் தெருவிலேயே கேள்வி கேட்கப்படும் ஒருவருக்கும், மாற்றலில் செல்லவிருக்கும் ஒருவருக்கும் இடையில் பொறுப்புணர்வு ஒன்றாக இருக்க முடியாது.

தேசிய அளவிலும் நெசவாளரின் குரல் ஒலிக்கும் இடங்கள் குறைந்துள்ளன. பல்லாண்டுக் காலம் செயல்பட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020 ஜூலையில் கலைக்கப்பட்டது. அதன் செயல்பாடு குறித்து விமர்சனங்கள் இருந்திருக்கலாம். ஆயினும், வளப் பற்றாக்குறையை முறையாகச் சொல்லக்கூடிய ஒரு மேடை மூடப்பட்டது என்பது உண்மை.

பணத்தை மட்டும் கொட்டினால் என்ன நேரும் என்பதற்கு 2011-12ஆம் ஆண்டுப் பாடம் போதுமானது. அந்த ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் நெசவாளர்களையும் கடன் சுமையிலிருந்து மீட்க 3,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 15,000 சங்கங்களும் 3 லட்சம் நெசவாளர்களும் பயனடைவர் என்று கூறப்பட்டது. பின்னர் 3,884 கோடி ரூபாய் மதிப்பிலான மறுசீரமைப்புத் திட்டமாக அது ஒப்புதல் பெற்றது. நபார்டு வங்கி அதை நடைமுறைப்படுத்தியது. நிலுவைக் கடன் தள்ளுபடியோடு, சிறப்புத் தணிக்கை, சட்டச் சீர்திருத்தம், பணியாளர் பயிற்சி, கணினிமயம் ஆகியவையும் திட்டத்தில் இடம்பெற்றன. கருத்தளவில் மிகச் சரியான அணுகுமுறை அது. ஆனால், செலவான தொகை ஒதுக்கீட்டைவிடக் குறைவாகவே இருந்தது. தகுதியை நிரூபிக்கத் தேவையான தணிக்கை முடிந்த கணக்குகளைப் பல சங்கங்களால் காட்ட முடியாமல் போனதும், வங்கிகள் புதிய கடன் தரத் தயங்கியதும் அத்தகைய திட்டங்கள் தடுமாறும் இடங்கள். நலிந்த சங்கத்துக்கு உதவி வேண்டும். உதவியைப் பெற நல்ல கணக்கர் வேண்டும். நல்ல கணக்கரை அமர்த்த நலிந்த சங்கத்தால் முடியாது. இந்தச் சுழலை உடைக்காத எந்தத் தொகையும் போய்ச் சேராது.

ஆனந்தின் பால் கூட்டுறவு இந்தச் சுழலை எப்படித் தவிர்த்தது? 1946இல் தொடங்கிய அந்த அமைப்பு, உரிமையை விவசாயிகளிடமும் நிர்வாகத்தைத் திறன்பெற்ற பணியாளர்களிடமும் வைத்தது. திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் உறுப்பினர்கள் இருந்தனர். வர்கீஸ் குரியன் அவர்களால் பணியமர்த்தப்பட்ட மேலாளராகத் தம்மைக் கருதினார். மேலாளர்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக 1979இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனம் உருவாக்கப்பட்டது. அந்நிறுவனம் 2025இல் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பால் நாள்தோறும் விற்று முடியும் பண்டம். பட்டுச் சேலை அப்படியல்ல என்பது உண்மை. ஆகவே, அந்த முறையை அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆனால், மேலாண்மைத் திறனும் ஒரு வளம். அதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் திட்டமிட்டு உருவாக்க வேண்டும் என்ற பாடம் பட்டுக்கும் பொருந்தும்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் தறி நின்ற நாள்களைப் பதிவு செய்ய வேண்டும். எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது என்ற இரண்டு செய்திகள் போதும். பாவு இல்லை, பட்டு இல்லை, சாயம் தாமதம், பழுது, மழை, நெசவாளரின் சொந்தக் காரணம் என ஆறு காரணங்களுக்கு மேல் தேவைப்படாது. பாவு கொடுக்கும்போதும் சேலை வாங்கும்போதும் சங்கம் ஏற்கெனவே தேதி எழுதுகிறது. ஒரு சேலையைக் கொடுத்த நாளுக்கும் அடுத்த பாவைப் பெற்ற நாளுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினாலே போதும். பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். இந்த எண்ணைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பிலும் வெளியிட வேண்டும்.

இரண்டாவதாக, சங்கத்தின் மீது புதிய பணி ஒன்றைச் சுமத்தும் எந்த அரசாணையும், அதைச் செய்ய எத்தனை மனித நாள்கள் தேவை, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற ஒரு பத்தியைக் கொண்டிருக்க வேண்டும். அந்தப் பத்தியை எழுத முடியாத பணியை அறிவிக்காமல் இருப்பதே நேர்மை.

மூன்றாவதாக, தள்ளுபடி ஈட்டுத்தொகைக்கும் கொள்முதல் தொகைக்கும் காலக்கெடு வேண்டும். கெடு தவறினால் சங்கம் கட்டும் காசுக்கடன் வட்டியைத் தாமதித்தவர் ஏற்க வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நெசவாளர் சங்கத்துக்கும் அதே மரியாதை கிடைப்பதில் என்ன தடை?

நான்காவதாக, தேசூர் போன்ற சிற்றூர்களின் சங்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கர், வடிவமைப்பாளர், இணைய விற்பனையாளர் ஆகியோரை அமர்த்த இயலாது. ஆரணியை மையமாகக் கொண்டு, சுற்றியுள்ள சங்கங்கள் கூட்டாக ஒரு சேவை மையத்தை அமைத்துக்கொள்ளலாம். தணிக்கைக்கு ஒருவர், வடிவமைப்புக்கு ஒருவர், சரிகைச் சோதனைக்கு ஒரு கருவி என்று பகிர்ந்துகொண்டால் செலவு தாங்கக்கூடியதாகும். சங்கங்களின் தனித்தன்மையும் உறுப்பினர் உரிமையும் குலையாமல் இதைச் செய்யலாம்.

ஐந்தாவதாக, சங்கத் தேர்தல்கள் உரிய காலத்தில் நடக்க வேண்டும். தறி நின்ற நாள்களின் கணக்கு உறுப்பினர் கையில் இருக்கும்போது, வாக்கு கேட்டு வருபவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு மறுப்புகள்

தேய்ந்துவரும் ஒரு தொழிலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். தேய்வு எதனால் நிகழ்கிறது என்று அறிந்த பிறகே அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். மக்கள் பட்டுச் சேலையை விரும்பாததால் தறி நிற்கிறதா, விரும்பியும் பாவு வராததால் நிற்கிறதா என்று இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலாவது உண்மையெனில், நெசவாளர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான வழியைக் கண்ணியத்தோடு அமைத்துத் தர வேண்டும். இரண்டாவது உண்மையெனில், வாழக்கூடிய ஒரு தொழிலை நாம் கவனக்குறைவால் அழித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. எது உண்மை என்று அறியக் கணக்கு வேண்டும்.

ஏற்கெனவே சுமை மிகுந்த எழுத்தரின் மேசையில் இன்னொரு பதிவேட்டை வைப்பதா என்பது மற்றொரு மறுப்பு. அதில் நியாயம் உண்டு. அதனால்தான் புதிதாக எதையும் எழுதச் சொல்லாமல், எழுதப்படும் தேதிகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறோம். யாரும் படிக்காத பதிவேடுகள் சிலவற்றை நிறுத்திவிட்டு, இந்த ஒன்றைத் தொடங்கலாம்.

கைத்தறிக்கு இலவச மின்சாரம் இரு மாதங்களுக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டபோது நெசவாளர்கள் அதை வரவேற்றனர். ஆகஸ்ட் 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாக 2015 முதல் கொண்டாடப்படுவதும் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், நெசவாளர் முதலில் கேட்பது தொடர்ந்து வேலையை. அதற்குத் தேவை, அடுத்த பாவு குறித்த நாளில் வந்து சேரும் என்ற உறுதி. அந்த உறுதியைத் தர ஒரு நிறுவனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கணக்கிட்டு, அவற்றைக் கொடுத்து, கொடுத்தது போதுமா என்று ஆண்டுதோறும் சரிபார்ப்பதே நல்ல நிர்வாகம். அடுத்த கைத்தறி நாளன்று துறை வெளியிடும் அறிக்கையில், எத்தனை கோடிக்கு விற்பனை நடந்தது என்பதற்குப் பக்கத்தில், எத்தனை நாள் தறிகள் நின்றன என்ற எண்ணும் இடம்பெறட்டும். சீர்திருத்தம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும்.